பாம்புச்செவியார் வாங்கிய சவுண்ட் கார்டு

பாம்புச்செவியார் என்பது அலுவலகம் வைத்த பெயர். விசாரணைக் கூடங்களில் ஒலிப்பதிவான பேச்சைக் கேட்டு, ஒரு சொல் விடாமல் எழுத்தாக்கிக் கொடுக்கிற அலுவலகம் அது. இரண்டு வக்கீல்கள் ஒரே நேரத்தில் கத்தினாலும் சரி, சாட்சி கைக்குட்டைக்குள் முணுமுணுத்தாலும் சரி, மனிதர் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தெடுத்துவிடுவார். மற்ற தட்டச்சர்கள் காதுக்கு எட்டாத இடத்தில் "தெளிவில்லை" என்று அடித்துவிட்டு மேலே போவார்கள். விதியும் அதைத்தான் சொல்கிறது. இவருக்கோ அந்தச் சொல்லை அடிப்பது மானம் போகிற காரியம். அதனால்தான் பாம்புச்செவி. தலை நரைக்கத் தொடங்கியதும் மரியாதைக்கு ஒரு "ஆர்" வந்து ஒட்டிக்கொண்டது.

அலுவலகக் கட்டடத்தின் வாடகை ஏறியபோது எல்லாரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள். படுக்கையறையில் அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு மேசை போட்டுக்கொண்டார். மேசைமேல் கம்ப்யூட்டர், காலுக்குக் கீழே ஒரு மிதி. மிதியை வலப்பக்கம் அழுத்தினால் பேச்சு ஓடும். இடப்பக்கம் அழுத்தினால் கொஞ்சம் பின்னால் போய் மறுபடி வரும். ஹெட்ஃபோனை மாட்டி, கண்ணை மூடி, காலை ஆட்டிக்கொண்டு அவர் தட்டச்சு செய்வதைப் பார்த்தால், தையல்காரர் ஒருவர் தூக்கத்திலேயே தைக்கிற மாதிரி இருக்கும். மனைவி பேக்கரி ஒன்றில் கல்லாவில் உட்காருகிறவள். "இந்த வீட்டுல ஒரு ரகசியம் பேச முடியுதா? அடுப்படியில நின்னு மனசுக்குள்ள திட்டினாக்கூட உள்ளேர்ந்து பதில் வருது" என்று தோழிகளிடம் அலுத்துக்கொள்வாள். அதில் பாதி பெருமை. பிள்ளைகள் இல்லாத வீடு. அலுத்துக்கொள்ளவும் பெருமைப்படவும் அவளுக்கு அவர் ஒருவர்தான் கிடைத்தார்.

ஹெட்ஃபோனுக்குள் அந்தச் சத்தம் எப்போது குடிவந்தது என்று அவரால் சொல்ல முடியாது. குழாயைச் சரியாக மூடாத மாதிரி "ஸ்ஸ்" என்று பேச்சுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. முதலில் அவர் அதைச் சட்டை செய்யவில்லை. பிறகு ஒரு நாள் ஒரு சாட்சி சொன்ன பதில் பிடிபடவே இல்லை. இடப்பக்க மிதியை அழுத்தி அழுத்திக் கால் வலித்ததுதான் மிச்சம். வீட்டில் யாருமில்லை என்று தெரிந்தும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "தெளிவில்லை" என்று அடித்தார். வாழ்நாளில் முதல் தடவை. அவரைப் பயம் பிடித்துக்கொண்டது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அவருடைய அண்ணனுக்கு ஐம்பது வயதில் காது போய்விட்டது. ஒரேயடியாகப் போய்த் தொலைந்திருந்தால்கூட நாலு பேர் அனுதாபப்பட்டிருப்பார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அண்ணன் முதலில் எல்லாப் பேச்சுக்கும் சிரித்தார். பிறகு எல்லாப் பேச்சுக்கும் "ஆமா, ஆமா" என்றார். குடும்பத்தார் கூடியிருந்த ஒரு நாள், வாய்த்துடுக்கான ஒருத்தி, "பெரியப்பா, சித்தியோட நகையைத் திருடினது நீங்கதானே?" என்று கேட்க, அவர் பெருந்தன்மையாக "ஆமா, ஆமா" என்று தலையாட்டினார். கூடமே வயிறு வலிக்கச் சிரித்தது. எதற்கென்று தெரியாமல் அண்ணனும் சிரித்தார். பாம்புச்செவியாரும்தான் சிரித்தார். அன்றிலிருந்து அண்ணனுக்கு "ஆமாப் பெரியப்பா" என்று பெயர். இப்போது யாரும் அவரிடம் எதையும் கேட்பதில்லை. தட்டைக் கையில் கொடுத்து ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். அவரை எதிரில் வைத்துக்கொண்டே, அவர் அங்கே இல்லாதது போல அவரைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அந்த மூலையில் இன்னொரு நாற்காலி தனக்கும் போட்டிருக்கிறதோ என்பதுதான் பாம்புச்செவியாரின் பயம். காது போனால் வேலை போகும், சோறு போகும். அதெல்லாம் அப்புறம். முதலில் ஆளே இல்லாமல் போய்விடுவோமே என்று பயந்தார்.

பயந்தவர் என்ன செய்வார்? பழியைப் பொருள்கள்மேல் போட்டார். டிவியில் ஸ்பீக்கர் சரியில்லை என்றார். காலிங் பெல்லில் பேட்டரி இறங்கிவிட்டது என்றார். ஃபோனில் டவர் எடுக்கவில்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாயைத் திறந்து பேசுவதில்லை, கூடத்து ஃபேன் ரொம்ப இரைகிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். ஒரு நாள் மனைவி அடுப்படியிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கரண்டியும் கையுமாக அறை வாசலில் வந்து நின்றாள்.

"செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி எவ்வளவு நேரமாக் கத்தறேன்!"

எல்லாரும் சொல்கிற பழமொழிதான். அவள் ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஹெட்ஃபோன் போட்டிருந்தேன்" என்றார்.

ஹெட்ஃபோன் மேசைமேல் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வந்ததால் திரும்பிப் போய்விட்டாள்.

அந்த வாரமே அலுவலகத்திலிருந்து மேடம் கூப்பிட்டார். தட்டச்சர்களின் வேலையைச் சரிபார்த்து அனுப்புகிறவர் அவர்; பாம்புச்செவியாரைவிட வயதில் இளையவர், அவர்மேல் பெரிய மதிப்பு வைத்திருந்தவர்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தத் தடவை உங்க ஃபைல்ல நிறைய இடத்துல 'தெளிவில்லை'ன்னு இருக்கு. இன்னொருத்தரைக் கேக்கச் சொன்னேன். அவருக்கு நல்லாவே கேட்டுச்சு. உங்க கம்ப்யூட்டர்ல சவுண்ட் கார்டு போயிருக்குமோ? பழைய மெஷின்தானே?"

சவுண்ட் கார்டு! பாம்புச்செவியாருக்கு உயிர் வந்தது. மேடம் வாயில் சர்க்கரை போட வேண்டும் போல இருந்தது. காது இல்லை, கார்டு. கடையில் கிடைக்கிற பொருள். வாங்கி மாட்டினால் தீர்ந்தது.

கம்ப்யூட்டர் உதிரிபாகங்கள் விற்கிற சந்தில், மாடிப்படிக்கு அடியில் இருந்தது அந்தக் கடை. கொண்டையில் ஸ்க்ரூடிரைவரைச் செருகிக்கொண்டு ஒரு பெண் தனியாக நடத்தினாள்.

"சவுண்ட் கார்டா? உள்ளே மாட்டறதா, வெளியே வைக்கிறதா?"

அவர் விழித்தார்.

"சரி, எதுக்கு? வீட்டுலதானே? பாட்டா, சினிமாவா, கேமா?"

"பேச்சு. மனுஷங்க பேசறது மட்டும் கேட்டாப் போதும்மா. ஆனா சுத்தமாக் கேக்கணும். அடியில ஒரு இரைச்சல் வருது."

அவள் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "மதர்போர்டுலயே வர்ற சவுண்டுதான் உங்ககிட்ட இருக்கு. சிபியு பெட்டிக்குள்ள ஃபேன் சுத்துது, கரண்ட் ஓடுது. அந்த இரைச்சலெல்லாம் சவுண்டுலயும் ஏறிக்கும். இதோ, இது உள்ளே மாட்டற கார்டு. நல்லதுதான், ஆனா அதே பெட்டிக்குள்ளதான் உக்காரும். இது வெளியே வைக்கிற பெட்டி. யுஎஸ்பி வயர்ல தள்ளி நிக்கறதால இரைச்சல் அண்டாது."

"இது?" என்று அவர் வரிசையாக ஓட்டைகள் இருந்த ஒன்றைக் காட்டினார்.

"அது ரூம் முழுக்க ஸ்பீக்கர் வைக்கிறவங்களுக்கு. உங்களுக்கு இருக்கறது ரெண்டு காது. எட்டு ஓட்டை எதுக்கு? அப்புறம், அட்டையில பெரிய பெரிய நம்பரா போட்டிருப்பான். அதைப் பாத்து ஏமாறாதீங்க. அந்த அளவுக்குக் கேக்கணும்னா வவ்வாலாப் பொறக்கணும்."

பாம்புச்செவியார் பல நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தார். பணத்தை எடுக்கப் பையில் கை விட்டபோது அவள் தடுத்தாள்.

"அவசரப்படாதீங்க சார். இரைச்சல் வர்றப்போ ஹெட்ஃபோனைக் காதுலயே வெச்சுக்கிட்டு, வயரை மட்டும் கம்ப்யூட்டர்லேர்ந்து பிடுங்கிப் பாருங்க. சத்தம் நின்னுட்டா மெஷின் கோளாறுதான். தைரியமா வந்து வாங்கிக்கலாம்."

"நிக்கலன்னா?"

"நிக்காம எங்க சார் போகும்? வயர்தான் இல்லையே!" என்று அவள் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து மேசைமுன் உட்கார்ந்தார். ஹெட்ஃபோனை மாட்டினார். "ஸ்ஸ்" என்று அது வந்தது. சிபியுவின் பின்னால் கையை விட்டு வயரின் முனையைப் பிடித்தார். ஒரு இழுப்பு இழுத்தால் உண்மை தெரிந்துவிடும். காசு பணம் வேண்டாத சோதனை, சின்னக் குழந்தைகூடச் செய்யும். அவருக்குக் கை வரவில்லை. உள்ளங்கை வேர்த்து வயர் வழுக்கியது. இழுத்த பிறகும் சத்தம் இருந்தால்? அப்புறம் எந்தக் கடைக்குப் போவது? எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து மறுபடி பிடித்தார். மறுபடி விட்டார். மனைவி பேக்கரியிலிருந்து வந்தபோது அவர் சிபியுவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"தூசி தட்டறேன்" என்றார்.

மறுநாள் கடைக்காரப் பெண்ணிடம் போய், "பிடுங்கிப் பாத்தேம்மா, உடனே நின்னுடுச்சு" என்று கூசாமல் சொன்னார். அவள் கையடக்கமான கறுப்புப் பெட்டி ஒன்றைக் கொடுத்தாள். முகப்பில் ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் இருந்தது.

பெட்டி நல்ல பெட்டி. அதைக் குறை சொல்ல முடியாது. வயரைச் சொருகி, கம்ப்யூட்டரில் பழைய சவுண்டை நிறுத்திப் புதியதைத் தேர்ந்தெடுத்ததும் அந்தக் குழாய் இரைச்சல் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. பாம்புச்செவியாருக்கு அழுகையே வந்துவிட்டது. மனைவியை இழுத்து உட்கார வைத்து ஹெட்ஃபோனை மாட்டிவிட்டார். "ஆமாங்க, துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு" என்றாள் அவள். அன்றைக்கு அவர் டிவியைக்கூடக் குறை சொல்லவில்லை.

அடுத்து வந்த வேலை ஒரு சலவை நிலையத்து விவகாரம். வேலையை விட்டு நீக்கப்பட்ட ஒரு பெண், தன்மேல் தப்பில்லை என்று விசாரணையில் சாட்சி சொல்கிறாள். மெல்லிய குரல். யோசித்து யோசித்துப் பேசுகிறவள். பாம்புச்செவியார் உற்சாகமாக அடித்தார். ஒரு இடத்தில்கூட "தெளிவில்லை" போடவில்லை. அங்கங்கே குரல் மங்கியபோது, பழகிய விசாரணைப் பேச்சுதானே, இப்படித்தான் சொல்லியிருப்பாள் என்று பொருத்தமான சொல்லைப் போட்டுக்கொண்டு போனார். அதற்கு ஊகம் என்று பெயர். அவர் அதை அனுபவம் என்று நினைத்துக்கொண்டார்.

இன்னொன்றும் கேட்டது. அந்தப் பெண் பதில் சொல்லாமல் யோசிக்கிற இடங்களில், எல்லாரும் அமைதியாக இருக்கும்போது, எங்கோ தூரத்தில் மெல்லிய விசில். கதவு சாத்துகிற ஓசை, இருமல், ஃபோன் மணி என்று பின்னணியில் எது கேட்டாலும் அடைப்புக்குறிக்குள் குறிக்க வேண்டும் என்பது அலுவலக விதி. அவரும் ஒவ்வொரு இடத்திலும் "மெல்லிய விசில் ஓசை" என்று குறித்தார். பழைய கார்டாக இருந்தால் இதெல்லாம் கேட்டிருக்குமா என்று பெட்டியை ஒரு தட்டுத் தட்டிக் கொடுத்தார்.

மேடத்தின் ஃபோன் வந்தது.

"சார், அந்த சலவை நிலையத்து ஃபைல். எதிர்த்தரப்பு வக்கீல் பெரிய பிரச்சினை பண்றாரு. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல விசில் விசில்னு போட்டிருக்கீங்களே, யாரோ வெளியேர்ந்து அந்தம்மாவுக்கு ஜாடை காட்டியிருக்காங்கன்னு சொல்றாரு. அவங்க சாட்சியமே செல்லாதுன்னு கேக்கறாரு."

"விசில் இருக்கே மேடம்."

"நான் கேட்டேன் சார். எனக்கு ஒண்ணுமே கேக்கல. ஆனா உங்க காதும் என் காதும் ஒண்ணா? நீங்க கேட்டேன்னு சொன்னா நான் அதுக்கு மேல பேச மாட்டேன். இன்னொரு தடவை பாத்துட்டு, இன்னிக்கே சொல்லிடுங்க."

அவர் மறுபடி கேட்டார். விசில் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று, வேறு ஊரில், வேறு கூடத்தில் பதிவான இன்னொரு விசாரணையைப் போட்டார். அங்கேயும் அதே விசில். மனம் உடனே பாய்ந்து ஒரு காரணத்தைக் கவ்விக்கொண்டது: பெட்டி! பெட்டிதான் விசிலடிக்கிறது. கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நம்புகிற பூனை மாதிரி, பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு சந்துக்கு ஓடினார்.

கடைக்காரப் பெண் சலித்துக்கொள்ளவில்லை. கடைக்குப் பின்னால், ஸ்பீக்கர் சோதிப்பதற்காகச் சுவரெல்லாம் பஞ்சு மெத்தை அடித்த சின்ன அறைக்கு அழைத்துப் போனாள். கதவைச் சாத்தியதும் சந்தின் இரைச்சல் அறுந்து போயிற்று. அவருடைய பெட்டியைத் தன் கம்ப்யூட்டரில் சொருகி, பேச்சு பாட்டு எதுவும் இல்லாத வெற்றுப் பதிவு ஒன்றை ஓடவிட்டாள். அவர் ஹெட்ஃபோனை மாட்டி, வழக்கம் போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

"கேக்குதா சார்?"

"கேக்குது. மெல்லிசா, விசில் மாதிரி."

அவள் ஹெட்ஃபோனை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். "எனக்கு வரல. பரவாயில்ல, வேற பெட்டி மாத்திப் பாப்போம்."

வேறு பெட்டி வந்தது. அவர் கண்ணை மூடினார். "இதுலயும் இருக்கும்மா."

அவள் முன்னறைக்குப் போய், பூட்டி வைத்திருந்த ஒன்றை எடுத்து வந்தாள். கடையிலேயே விலை கூடியது அதுதான். மேலே ஒட்டிய தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. அவர் அதற்குள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கையைக் கோத்து, கண்ணை இறுக மூடி உட்கார்ந்துவிட்டார். இதிலாவது இருக்கக் கூடாது, இதிலாவது இருக்கக் கூடாது என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தார். விசில் வந்தது. முன்னைவிட நன்றாக வந்தது.

"இதுவும் அதே லட்சணம்தாம்மா!" என்றார் கோபமாக. "என்ன பொருள் விக்கறீங்க? எல்லாமே விசிலடிக்குது!"

கண்ணைத் திறந்தார். அவள் எதிரில் மண்டியிட்டிருந்தாள். ஒரு கையில் அந்தப் புதுப் பெட்டி. இன்னொரு கையில் ஹெட்ஃபோன் வயரின் முனை.

"சார்," என்றாள், "நான் இன்னும் சொருகவே இல்ல."

பஞ்சு மெத்தைச் சுவர்களுக்கு நடுவே விசில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் ஹெட்ஃபோனைக் கழற்றினார். அப்போதும் கேட்டது. அவள் அவரைப் பார்க்காமல், கையிலிருந்த வயரைச் சுற்றத் தொடங்கினாள்.

"இதைவிட நல்ல கார்டு ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார். கேட்ட குரல் அவருக்கே அசிங்கமாக இருந்தது.

"இல்ல சார்" என்றாள் அவள். "ஒரு டாக்டரைப் போய்ப் பாருங்க. வேணும்னா நான் கூட வரேன்."

அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். சந்தில் மோட்டார் சைக்கிள்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின; ஆள்கள் பெட்டிகளைத் தலையில் வைத்து, வழி கேட்டுக் கத்தினார்கள். இத்தனை சத்தம் இருந்தால் விசில் அமுங்கிவிடுகிறது. இத்தனை காலமும் அது இப்படித்தான் ஒளிந்திருந்திருக்கிறது. பழைய கார்டின் இரைச்சலுக்கு அடியிலும் பதுங்கித்தான் இருந்திருக்கிறது. நல்ல பெட்டி வாங்கி, இரைச்சலைத் துடைத்து, அதற்கு இவரே வழி விட்டிருக்கிறார்.

மேடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். "பெட்டி கோளாறு மேடம், விசிலை எடுத்துடுங்க" என்று ஒரே ஒரு பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதெல்லாம் இல்லை, சின்னப் பொய்தான். யாரும் நம்புவார்கள். விசில் போய்விடும், அந்தப் பெண்ணும் தப்பிப்பாள், பாம்புச்செவியார் பாம்புச்செவியாராகவே இருப்பார். ஃபோனைக் கையில் எடுத்த பிறகுதான் அந்த மெல்லிய குரல் நினைவுக்கு வந்தது. அது மங்கிய இடங்களும் நினைவுக்கு வந்தன. அங்கேயெல்லாம் அவர் தன் இஷ்டத்துக்குச் சொற்களைப் போட்டிருக்கிறார். அவள் வேலையும் பிழைப்பும் அவள் சொல்லாத சொற்கள்மேல் நின்றுகொண்டிருக்கின்றன. இல்லாத விசிலைக் கேட்ட காது, இருந்த பேச்சில் எதையெல்லாம் கோட்டை விட்டதோ! ஒரு கடைச் சுவரில் சாய்ந்துகொண்டு மேடத்தின் நம்பரை அழுத்தினார். இவ்வளவு பயத்தை அவர் பிறந்ததிலிருந்து அறிந்ததில்லை.

"சொல்லுங்க சார். கேட்டுப் பாத்தீங்களா?"

"மேடம், அந்த விசில் ரூம்ல இல்ல. பெட்டியிலயும் இல்ல. என் காதுல இருக்கு."

"சார்?"

"விசிலை மட்டும் எடுத்தாப் போதாது மேடம். அந்தம்மா பேசினது முழுக்க வேற யாரையாவது புதுசாக் கேக்கச் சொல்லுங்க. கேக்காததையும் கேட்ட மாதிரி அடிச்சிருக்கேன். சில இடத்துல இல்ல, நிறைய இடத்துல."

எதிர்முனையில் ஒன்றும் இல்லை. ஃபோனைக் காதோடு அழுத்தினார். மேடம் திகைத்துப்போய்ப் பேசாமல் இருக்கிறாரா, அல்லது ஏதோ சொல்லிக்கொண்டிருக்க இவருக்குத்தான் எட்டவில்லையா? கோபமா, ஆறுதலா, வேலைக்கு இனி வர வேண்டாம் என்பதா? மறுகாதில் விரலை விட்டு அடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். சந்தில் போனவர்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"மேடம்," என்றார் கடைசியில், "நீங்க சொன்னது எனக்குக் கேக்கல. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."